ரெபிளைக் கூட்டியது யார்?

நிவேதனாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் லேசில் போகாது. தொண்டைமானாற்றில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காத பெண் கிடையாது. இவள் செவுளையும் பார்த்து, கண்ணையும் அமத்திப் பார்த்து, "இது நேத்தையான் மீனோ?" என்று கேட்டுவிட்டு விற்கிறவனின் முகத்தையும் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டுக்குள்ளேயே, கட்டின புருசனின் முகத்தில் ஒன்றும் பிடிபடாமல் அந்தரப்பட்டுக்கொண்டிருந்தாள் என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

விசயம் இதுதான். பஞ்சலிங்கம் என்று ஒரு படக்காரர், யாழ்ப்பாணத்திலேயே படம் எடுத்து யாழ்ப்பாணத்திலேயே ஓட்டுகிறவர், அவளிடம் ஒரு பாட்டை ஒப்படைத்திருந்தார். அதுவரைக்கும் கோயில் பாட்டும் பிறந்தநாள் வீடியோவுக்குப் பின்னணியும் செய்துகொண்டிருந்தவளின் பெயர் முதன்முறையாகத் தியேட்டரில் விழப்போகிறது. பாட்டின் நடுவில் எலக்ட்ரிக் கிற்றார் தனியே வந்து அழவேண்டும் என்பது பஞ்சலிங்கத்தாரின் கட்டளை. "பிள்ளை, அந்த இடத்திலை வெளியிலை போக எழும்பினவனும் நிண்டு கேட்டிட்டுத்தான் போகோணும்," என்று சொல்லியிருந்தார்.

கிற்றாருக்கு அவள் வேறெங்கே போகவேண்டும்? அவளுடைய கணவன் கஜானன் வடமராட்சியில் பேர்போன கிற்றார்காரன். இருவரும் ஒரே இசைக்குழுவில் இருந்தவர்கள். அவள் கீபோட், அவன் கிற்றார். ஊர் ஊராகத் திருவிழா மேடைகளில் ஏறி இறங்கியதில்தான் காதலே வந்தது. ஆனால் அந்த மகராசன் போன திருவிழாக்காலம் முடிந்த கையோடு கிற்றாரை உறையில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றியவன், அதன்பிறகு இறக்கவே இல்லை.

"விரல் நோகுதப்பா," என்றான். "இப்ப எல்லாம் கொம்பியூட்டரிலையே வருது. அதை எடும்."

விரல் நோகிறவன் தேங்காய் துருவுகிறான். மோட்டார் சைக்கிள் சில்லைக் கழற்றிப் பூட்டுகிறான். கிற்றார் என்றால் மட்டும் நோகிறதாம். அது எந்த ஊர் நோவு?

சரி, தொலையட்டும் என்று அவள் கொம்பியூட்டர்க் கிற்றாரை இறக்கினாள். எங்கேயோ ஒருவன் உண்மையான கிற்றாரின் தந்திகளை ஒவ்வொரு இடமாகத் தட்டித் தட்டிப் பதிந்து வைத்திருக்கிறான். கீபோட்டில் கட்டையை அமத்தினால் அவன் தட்டிய அந்தச் சுரம் வரும். ஆனால் வருவது பச்சைச் சத்தம், உப்புப் புளி போடாமல் அவித்த மீன் மாதிரி. அதற்கு அம்பிளிபையரும் ஸ்பீக்கர்ப் பெட்டியும் வேண்டும். அவற்றையும் கொம்பியூட்டருக்குள்ளேயே செய்துகாட்டுகிற மென்பொருள்கள் இருக்கின்றன. அதில் எதை எடுப்பது என்பதில்தான் வினை வந்தது.

இணையத்தில் பார்த்தால் எல்லாம் தேன்தான். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு தாடிக்காரன் வந்து உண்மையான கிற்றாரை மடியில் வைத்து வாசித்துக் காட்டுகிறான். "உவன் வாசிச்சால் பனங்கட்டிக் குட்டானைத் தட்டினாலும் நல்லாத்தான் இருக்கும்," என்று நிவேதனா முகத்தைச் சுளித்தாள். பதிந்து வைத்த சுரங்களை அதற்குள் விட்டால் எப்படி இருக்கும் என்று ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. இன்னொரு சுத்துமாத்தையும் அவள் கண்டுபிடித்தாள். மென்பொருளைப் போட்டவுடன் சத்தம் கூடுகிறது. சத்தம் கூடினால் எதுவும் நல்லதுபோலத்தான் காதுக்குப் படும். ஆகவே எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் கேட்பது என்று பிடிவாதமாக நின்றாள்.

கடைசியில் மூன்று தேறின. ஒன்று இலவசமாக வந்தது. இரண்டாவது, நெல்லியடியில் கொம்பியூட்டர் திருத்துகிற டினேஸ் பென்ட்ரைவில் கொடுத்தது. "பூட்டெல்லாம் உடைச்ச கொப்பி அக்கா, பயப்பிடாமப் போடுங்கோ," என்று அவன் சொன்னபடியால்தான் அவளுக்குப் பயம் வந்தது. இணையம் இல்லாத பழைய லப்ரொப்பில் மட்டும் அதைப் போட்டாள். மூன்றாவது, காசு கட்டும்வரை இடைக்கிடை ஒரு நொடி ஊமையாகிவிடுகிற பரீட்சார்த்தக் கொப்பி.

கஜானனைக் கூப்பிட்டுத் திரைக்கு முதுகைக் காட்டி இருத்தினாள். பெயரைச் சொல்லாமல், ஒரே துண்டை மூன்றுக்குள்ளும் விட்டுப் போட்டுக் காட்டினாள். டினேஸின் கொப்பி பரவாயில்லை என்ற அளவில் இருந்தது. மூன்றாவது நல்ல கனமாக, நெஞ்சுக்குள் இறங்குகிறமாதிரி இருந்தது. இலவசமாக வந்ததோ குளவிக் கூட்டைக் கலைத்தது போல. மேலே ஒரே சீறல்.

"முதலாவதுதான்," என்றான் கஜானன், ஒரு தயக்கமும் இல்லாமல்.

அதுதான் அந்தக் குளவிக்கூடு. "வடிவாக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். தெளிவா இருக்கு. கடைசி, போர்வைக்குள்ளை இருந்து வாசிக்கிறமாதிரிக் கிடக்கு."

"அந்தச் சீறல் கேக்கேல்லையே உங்களுக்கு?"

"என்ன சீறல்? கிற்றார் எண்டால் கொஞ்சம் கடிக்கத்தானப்பா வேணும்."

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் கிற்றார் விசயத்தில் அவனுக்கு மேல் ஆள் இல்லை என்று அன்றுவரை நம்பியிருந்தவள். தன் காதைவிட அவன் காதைத்தான் பெரிதாக நினைத்திருந்தாள். பாட்டை அப்படியே பஞ்சலிங்கத்தாருக்கு அனுப்பினாள்.

வட்சப்பில் குரல் வந்தது. "பிள்ளை, இதென்ன கிற்றாரோ, இல்லாட்டி ஆரும் தகரம் வெட்டுறாங்களோ? எனக்குப் பல்லுக் கூசுது. வெள்ளிக்கிழமைக்குள்ளை சரிவராட்டி, சாவகச்சேரியிலை லவீனாவிட்டைத்தான் குடுக்கவேண்டி வரும். கோவியாதை."

லவீனா! அந்தப் பெயரைக் கேட்டதும் நிவேதனாவுக்கு உச்சந்தலையில் சுள்ளென்றது. முன்பு அதே இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். இப்போது சொந்தமாக ஸ்ரூடியோ போட்டுக்கொண்டு, நிவேதனா செய்கிற வேலையையே தென்மராட்சியில் இருந்து செய்கிறாள். அவளிடம் பாட்டுப் போவதைவிட அந்தப் பாட்டு கடலுக்குள் போகலாம்.

அன்றைக்கே மூன்றாவது மென்பொருளைப் போட்டு, ரெபிள் என்கிற கீச்சுச் சத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் குறைத்து, கண் கலங்குகிற அளவுக்குக் கிற்றாரைக் கொண்டுவந்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கீபோட் படிப்பிக்கப் போனாள். திரும்பி வந்து போட்டுக் கேட்டால், மறுபடியும் சீறல். திரையில் ரெபிள் குமிழ் ஏறக்குறைய உச்சியில் நின்றது.

"இதை ஆர் தொட்டது?"

"கொஞ்சம் மந்தமாக் கிடந்துது. நான்தான் திருத்தினனான்," என்றான் கஜானன்.

"இனித் தொடாதேங்கோ. சொல்லிப்போட்டன்."

"சரியப்பா, இனித் தொடமாட்டன்."

அடுத்த நாள் வெளிக்கிடுகிறபோது அவள் பூனைமாதிரி அறைக்குள் போய், திரையைப் போனில் படம் எடுத்து வைத்தாள். திரும்பி வந்ததும் படத்தையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். குமிழ் ஏறியிருந்தது. கேட்டால், "நான் அந்தப் பக்கமே போகேல்லை," என்று கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறான். பச்சைப் பொய்! அதுவும் கண்ணை நிமிர்த்தாமல் சொல்கிற பொய்.

சண்டை போட்டிருக்கலாம். அவள் போடவில்லை. பொய் ஏன் என்று தெரியாமல் சண்டை போட்டு என்ன பயன்? பாட்டுப் போனால் போகட்டும், இன்னொரு பாட்டு வரும். ஆனால் இந்த மனுசன் தன் பக்கம் நிற்கிறானா, எதிர்ப்பக்கம் நிற்கிறானா என்பது தெரியாமல் ஒரு வீட்டில் எப்படிச் சோறு தின்பது? தன் பெயர் தியேட்டரில் விழுவது அவனுக்குப் பொறுக்கவில்லையோ என்று ஒரு எண்ணம் வந்தது. சீ, அப்படி இருக்காது என்று தள்ளினாள். தள்ளத் தள்ள அது திரும்பி வந்தது.

டினேஸ்தான் அந்த எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றினான். பென்ட்ரைவைத் திருப்பிக் கொடுக்கப் போனவளிடம், சும்மா கதையோடு கதையாக, "நேற்று அண்ணையைச் சாவகச்சேரியிலை கண்டனான் அக்கா. அந்த லவீனா அக்காவின்ரை ஸ்ரூடியோ வாசலிலை மோட்டார் சைக்கிளை விட்டிட்டு உள்ளுக்கை போனவர்," என்றான்.

நேற்று அவன் பருத்தித்துறைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவன்.

எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. லவீனா போன மாதம் வெளிவிட்ட பாட்டில் ஒரு கிற்றார் வந்ததே, மினிபஸ்சுக்கு மினிபஸ் போட்டுத் தள்ளுகிறார்களே, அது யாருடைய விரல்? வீட்டில் விரல் நோகும், அங்கே நோகாது. இங்கே மனைவியின் பாட்டைக் கெடுப்பது, அங்கே போய் அவளுக்கு வாசித்துக் கொடுப்பது. பாட்டு வெள்ளிக்கிழமை கைமாறும். "எவ்வளவு வடிவா என்னை ஏமாத்திப் பேக்காட்டியிருக்கிறார்!" என்று அவள் றோட்டிலேயே வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் போன கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகவில்லை. நெல்லியடியிலேயே கொடிகாமம் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துச் சாவகச்சேரியில் இறங்கினாள். லவீனாவின் முகத்துக்கு நேரே என்னென்ன சொல்வது என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனாள். நாக்கைப் பிடுங்குகிறமாதிரி நாலு கேள்வி தயாராக இருந்தது.

கதவைத் திறந்த லவீனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்கோ அக்கா. முதலிலை அவர், இப்ப நீங்களோ? அடுத்தது ஆரை அனுப்பப்போறியள்?"

இது நிவேதனா எதிர்பார்த்த தொடக்கம் இல்லை. "நான் ஆரை அனுப்பினனான்?"

"நடிக்காதேங்கோ. என்ரை ஸ்ரூடியோவிலை என்ன வைச்சிருக்கிறன், எப்பிடிச் சத்தம் எடுக்கிறன் எண்டு உளவு பாக்கத்தானே கஜன் அண்ணையை விட்டனீங்கள்?"

"உளவோ? அவர் உமக்குக் கிற்றார் வாசிக்க வாறவர். எனக்குத் தெரியாது எண்டு நினைச்சீரோ? அந்தப் பஸ்ஸிலை போடுற பாட்டு..."

லவீனா சிரித்தே விட்டாள். "அது மனுசன் இல்லை அக்கா. உங்களிட்டை இருக்கிற அதே கொம்பியூட்டர்க் கிற்றார்தான். அண்ணை இஞ்சை கிற்றாரைக் கொண்டுவரவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. உங்கடை பாட்டைப் பென்ட்ரைவிலை கொண்டந்தவர். 'இதிலை ஏதும் சீறல் கேக்குதோ பிள்ளை?' எண்டு கேட்டார்."

"என்னெண்டு?"

"சீறல் கேக்குதோ எண்டு. ஓமண்ணை, ரெபிளை அள்ளி எறிஞ்சிருக்கு எண்டு சொன்னன். அவருக்கு முன்னாலையே அரைவாசிக்குக் குறைச்சுப் போட்டுக் காட்டினன். 'இப்ப எப்பிடி?' எண்டு கேட்டால், 'ரெண்டும் ஒண்டுதானே' எண்டுறார். எனக்குச் சரியான கொதி வந்திட்டுது. அவ்வளவு பெரிய கிற்றார்காரனுக்கு உது தெரியாதோ? என்னைப் பேயாக்கிப்போட்டு வேறை எதையோ ஒட்டுப்பாக்க வந்திருக்கிறார் எண்டு நினைச்சன். தேத்தண்ணிகூடக் குடுக்கேல்லை."

நிவேதனா வாசல் படியில் இருந்துவிட்டாள். லவீனா பயந்துபோய் "என்னக்கா, தண்ணி தரட்டோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து பஸ்சுக்கு நடந்தாள்.

திரும்பி வருகிறபோது பஸ்ஸுக்குள் இருந்து எல்லாவற்றையும் மறுபடி யோசித்தாள். மேடையில் கிற்றார்காரனுக்கு எப்போதும் வலதுபக்கக் கரைதான். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்ப் பெட்டிகள். ஒரே திருவிழாவில் இரண்டு குழுக்களை எதிரும் புதிருமாக ஏற்றிவிடுவார்கள். அந்தப் பக்கத்துக்காரன் சத்தத்தைக் கூட்டினால் இந்தப் பக்கத்துக்காரன் விடுவானா? விட்டால் ஊர்ச் சனம் கூக்காட்டும். காதுக்குள் பஞ்சு வையுங்கோ என்று அவளே ஒருநாள் சொன்னாள். "பஞ்சு வைச்சுக்கொண்டு நிண்டால் சத்தத்துக்குப் பயந்தவன் எண்டு பெடியள் நக்கலடிப்பாங்கள்," என்று சிரித்தான். பத்து வருசத்துக்கு மேலாக அப்படியே நின்றான். இப்போது குக்கர் கூவினால் எழும்பமாட்டான். அதைச் சோம்பல் என்று முடிவு கட்டியிருந்தாள். மெல்லமாக ஏதும் கேட்டால் பதில் வராது. அதைத் திமிர் என்று எடுத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு குற்றச்சாட்டுத் தயாராக இருந்திருக்கிறது.

ஆனாலும் அவள் நிவேதனா. பார்க்காமல் நம்பமாட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பின்னேரம். கஜானன் அறைக்குள் கீழே இருந்து, அறுந்த வயர் ஒன்றை ஈயம் உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தான். முதுகு ஸ்பீக்கருக்கு நேரே இருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் போய் இருந்து, கொம்பியூட்டரில் ஒற்றைச் சுரம் ஒன்றை எடுத்து மிக உயர்ந்த ஸ்தாயியில் வைத்து விட்டாள். ஊசி காதுக்குள் ஏறியது போல இருந்தது. பக்கத்து வளவு நாய் குரைக்கத் தொடங்கியது. அவன் வயரை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தான். அவள் சுரத்தைக் கொஞ்சம் இறக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறக்கினாள். அவன் வயரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். மறுபடியும் இறக்கினாள்.

திடுக்கிட்டுத் திரும்பினான். "என்ன சத்தம் உது? இப்பவோ போட்டனீர்?"

"ஓம்," என்றாள் அவள். "இப்பத்தான் போட்டனான்."

சொல்லிவிட்டுத் தாங்கமுடியாமல் அழத் தொடங்கினாள். அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வயரை மெல்லக் கீழே வைத்தான்.

"லவீனா சொன்னவளோ?" என்று கேட்டான்.

"வேறை பொம்பிளையிட்டைப் போய்க் கேப்பியள், என்னட்டைக் கேக்கமாட்டியள் என்ன? நான் உங்களுக்கு ஆர்? பருத்தித்துறை எண்டு பொய் வேறை! நான் என்னென்ன நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான் தெரியுமோ? என்ரை பாட்டைக் கெடுக்கிறியள் எண்டு நினைச்சன். என்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன்!"

"கெடுக்க இல்லை நிவே. எனக்கு அது உண்மையாவே மந்தமாத்தான் கேட்டுது. நீர் களைப்பிலை கவனிக்காமல் விட்டிட்டீர், பாட்டுக் கைநழுவிப் போகப்போகுது எண்டுதான் கூட்டினனான். பஞ்சலிங்கத்தார் பேசினாப் பிறகும் நம்பேல்லை. அதுதான் ஒருக்கா வெளியிலை கேட்டுப் பாப்பம் எண்டு போனன்."

"விரல் நோவு?"

அவன் தலையைக் குனிந்தான். "கிற்றார் என்ரை காதுக்குள்ளை செத்துப்போச்சு. எல்லாத் தந்தியும் துணி சுத்தின தந்தி மாதிரிக் கேக்குது. அப்பிடிக் கேட்டுக்கொண்டு எப்பிடியப்பா வாசிக்கிறது?"

"எனக்குச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் நீர் பரிதாபப்படுவீர். டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போவீர். அது பரவாயில்லை. ஆனால் பிறகு ஒருநாளும் என்னட்டை, 'கஜன், இது எப்பிடி இருக்கு?' எண்டு கேக்கமாட்டீர். கலியாணம் கட்டினதிலையிருந்து நீர் என்னட்டைக் கேக்கிறது அது ஒண்டுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்த கிற்றாரைத் தூசியோடு இறக்கினாள். "காது என்ரை, விரல் உங்கடை," என்றாள். "அம்பிளிபையர் வேண்டாம். பச்சைச் சத்தத்தை நேரே கொம்பியூட்டருக்குள்ளை வாசியுங்கோ. சீறலை நான் பாக்கிறன்."

மாட்டேன் என்றான். அவள் விடவில்லை. வயரை அவளே செருகினாள்.

அன்றைக்கு அவன் வாசித்ததை என்னவென்று சொல்வது! கீபோட்டில் இரண்டு சுரத்தை அமத்திக்கொண்டு, சுரத்தை வளைக்கிற சில்லை உருட்டினால் இரண்டும் சேர்ந்தே வளையும். இவனுடைய விரலிலோ ஒரு தந்தி அசையாமல் நிற்க, மற்றது அதைக் கெஞ்சிக் கெஞ்சி ஏறியது. எந்த மென்பொருளாலும் அதைக் கொண்டுவந்திருக்க முடியாது. அவனுக்குத் துணி சுற்றியதாகக் கேட்டது அவளுக்கு மயிர்க்கூச்செறிய வைத்தது. மூன்றாவது மென்பொருளுக்குக் காசைக் கட்டி ஊமையை நீக்கி, அதற்குள் இதை விட்டு, தன் காதுக்குச் சரியென்று பட்ட இடத்தில் ரெபிளை நிறுத்தினாள்.

மறுநாள் மத்தியானம் அவன் சந்தையால் வந்து, பையைக் குசினியில் வைத்துவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தான். அவள் பக்கத்துக் கதிரையைத் தட்டி இருக்கச் சொன்னாள். பாட்டின் நடுத் துண்டைப் போட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டான்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள் நிவேதனா.

"நல்லாயிருக்கு. ரெபிளை இன்னும் ஒரு பொட்டுக் கூட்டலாம் போலை."

அவள் குமிழைக் கூட்டினாள். மறுபடி போட்டாள். "இப்ப?"

அவன் கண்ணைத் திறந்து அவளுடைய முகத்தையே பார்த்தான். இந்த வீட்டில் இதுவரை அப்படிப் பார்க்கிறவள் அவளாகத்தான் இருந்தாள். இப்போது அந்தப் பார்வைக்குக் கீழே இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நீர் உண்மையாவே கேக்கிறீரோ நிவே, இல்லாட்டி எனக்காகக் கேக்கிறீரோ?"

"உண்மையாத்தானப்பா. உங்களைக் கேக்காமல் நான் அனுப்புவனோ?"

பாட்டை அவள் காலையிலேயே அனுப்பிவிட்டாள். "இதுதான் பிள்ளை. இனி இதிலை கை வையாதை," என்று பஞ்சலிங்கத்தாரின் பதிலும் வந்திருந்தது.